சங்கிலி ஜெபத்தில் நான் சொன்னது

பாவ அறிக்கை செய்வதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சபையார் எல்லோரும் ஒரே குரலில் சொல்லும் அறிக்கையை விவரம் தெரிந்த நாள் முதல் சொல்லி வருகிறேன். இப்போது ஐம்பத்தெட்டு வயது. வாய் பாட்டுக்கு அது சொல்லிக்கொண்டிருக்கும். மனசு பாட்டுக்கு, யாருடைய ஜாக்கெட்டுக்கு இன்னும் கை வைக்கவில்லை, யாருக்குப் புதன்கிழமை கொடுப்பதாகச் சொன்னோம் என்று ஓடிக்கொண்டிருக்கும். முழங்கால் தேய்ந்துபோனதிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்தபடியேதான் சொல்கிறேன். அதில் ஒரு சின்ன வெட்கம் உண்டு. மற்றபடி அந்த அறிக்கையைச் சொல்லும்போது எனக்கு வேறு வெட்கம் எதுவும் வந்ததில்லை.

சங்கரன்கோவிலில் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு முப்பது வருஷமாகத் தைக்கிறேன். கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முன்னால் ஒரு கூட்டம் வரும், கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு கூட்டம் வரும். தையல்காரியிடம் பெண்கள் சொல்லாத விஷயம் கிடையாது. டேப்பை இடுப்பில் சுற்றிக் கையைத் தூக்கச் சொன்னால் போதும், வாயும் தானாகத் திறந்துகொள்ளும். கேட்டதை எல்லாம் வெளியே சொல்லியிருந்தால் இந்த ஊரில் பாதிக் குடும்பம் பிரிந்திருக்கும். நான் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை சொன்னேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதாமல் இருக்க எத்தனையோ சாக்கு தேடிப் பார்த்துவிட்டேன், அலுத்துவிட்டது.

நாலு வருஷத்துக்கு முன்னால் எங்கள் சபையில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற பெண். அவளுடைய அம்மா பள்ளிக்கூடத்தில் டீச்சர், ஆலயத்தில் என் பெஞ்சுக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்காருவார். மாப்பிள்ளை சுரண்டை. கல்யாண ஜாக்கெட்டுத் துணியை எடுத்துக்கொண்டு அந்தப் பெண் தனியாகத்தான் வந்தாள்.

அளவெல்லாம் எடுத்து முடித்த பிறகு, "அத்தை, கொக்கியப் பின்னால வைக்காதிய. முன்னாலயே வச்சிருங்க" என்றாள்.

"கல்யாண ஜாக்கெட்டுக்கு இப்பம் யாருட்டி முன்னால வைக்கா? பின்னால வச்சு, கயித்துல குஞ்சம் தொங்க விடுதேன். போட்டோவுல அழகா விழும்."

கொஞ்ச நேரம் துணியின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். "எனக்கு எப்பமாவது வலிப்பு வரும் அத்தை. மாத்திர போடுதேன். ரெண்டு வருசமா வரல. ஒருவேள வந்துட்டுன்னா பக்கத்துல நிக்கவங்க சட்டுன்னு கழட்டி விடணும்லா. பின்னால இருந்தா என்னயப் புரட்டிப் போட்டுல்லா கழட்டணும்" என்றாள்.

அவ்வளவு அடக்கமாக, தானே யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள். மாப்பிள்ளைக்குத் தெரியுமா என்று கேட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் தானே அவரிடம் சொல்லப்போவதாகவும், இப்போது வேண்டாம் என்று அம்மா தடுத்து வைத்திருப்பதாகவும் சொன்னாள். "அம்மாவுக்கும் சித்திக்கும் மட்டுந்தான் தெரியும். ஒங்ககிட்ட சொன்னது தெரிஞ்சா அம்மா என்னயக் கொன்னுருவா."

"என் வாயிலருந்து வராது மக்கா" என்றேன். சொன்னபோது அது உண்மைதான்.

எனக்கும் ஒரு மகள். அப்போது அவளுக்கு முப்பத்தொன்று, இந்தப் பெண்ணைவிட நாலு வயது மூப்பு. வந்த வரன் எல்லாம் ஏதாவது ஒன்றைச் சொல்லித் தட்டிப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். குருவானவர் ஆராதனை நடுவில் பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்து, இவர்கள் கல்யாணத்துக்கு யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்பார். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் எல்லோரும் திரும்பிப் பெண்ணின் அம்மாவைப் பார்ப்பார்கள். டீச்சர் முதல் இரண்டு ஞாயிறும் பட்டுச்சேலை கட்டி வந்திருந்தார். என் பக்கத்தில் என் மகள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தாள், பாட்டு ஒன்றும் அப்போது இல்லை.

இரண்டாவது ஓலை வாசித்ததற்கு அடுத்த வெள்ளிக்கிழமை சங்கிலி ஜெபம். சங்கிலி ஜெபம் என்றால், காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆளுக்கு அரைமணி நேரம், அவரவர் வீட்டில் இருந்தபடி ஜெபிப்பது. ஒருத்தி முடித்ததும் அடுத்தவளுக்குப் போன் போட்டு, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஜெபக்குறிப்பைச் சொல்லிக் கொடுப்பாள். பெயர் சொல்லக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தை நாங்கள் மீறியதே இல்லை. பெயரை மட்டும் விட்டுவிட்டுத் தெரு, வேலை, பிள்ளைகள் எத்தனை எல்லாம் சொல்லிவிடுவோம்.

என் முறை பதினொன்றிலிருந்து பதினொன்றரை. பக்கத்து ஊர்ச் சபைப் பெண்களும் சங்கிலியில் உண்டு, எனக்கு அடுத்தவள் சுரண்டைக்காரி. அன்றைக்குக் காலையில்தான் என் மகளுக்குப் பேசிக்கொண்டிருந்த இடத்திலிருந்து வேண்டாம் என்று போன் வந்திருந்தது. பெண் நிறம் கம்மியாம். அரைமணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். ஜெபம் ஒன்றும் வரவில்லை. பதினொன்றரைக்குச் சுரண்டைக்காரிக்குப் போன் போட்டேன்.

"எங்க சபையில ஒரு பிள்ளைக்கு ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. ஒங்க ஊரு மாப்பிள்ளதான். பிள்ளைக்கு வலிப்பு இருக்கு, பாவம். கல்யாணத்தன்னைக்கு ஒண்ணும் வந்துராம கர்த்தர் காக்கணும்னு பாரமா ஜெபிச்சுக்கோங்க."

"ஸ்தோத்திரம், ஜெபிக்கேன்" என்றாள் அவள்.

போனை வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். காலையிலிருந்து இறங்காத சோறு அப்போது நன்றாக இறங்கியது.

மூன்றாவது ஓலை வாசிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் மறைத்துவிட்டீர்கள் என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். டீச்சர் கணக்குப் போட்டுப் பார்த்தார். விஷயம் தெரிந்தது தனக்கும் தன் தங்கச்சிக்கும்தான். தங்கச்சியின் வீட்டுக்காரருக்குச் சுரண்டையில் சொந்தம் இருக்கிறது. அதற்கு மேல் யோசிக்க அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை. ஆலய வாசலில் வைத்தே சண்டை. "வேதத்து மேல கை வச்சுச் சொல்லுதேன், நான் யார்ட்டயும் சொல்லல" என்று தங்கச்சி அழுதாள். "நீ எது மேல வேணும்னாலும் வைப்ப" என்றார் டீச்சர். அன்றோடு பேச்சு நின்றது. நான் தங்கச்சியின் தோளைத் தட்டிக்கொடுத்து, வீடு வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

அந்தப் பெண் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். அவளுக்கு என்மேல் சந்தேகம் இருந்திருக்கும். ஆனால் தையல்காரியிடம் சொன்னேன் என்று வாய் திறந்தால், அம்மா முதலில் அவளைத்தான் பிடிப்பார். அந்தப் பயத்தில் பேசாமல் இருந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். ஒரு சின்னப் பெண்ணின் பயத்துக்குப் பின்னால் நான் நாலு வருஷம் ஒளிந்திருந்தேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, பந்தியில் அப்பமும் திராட்சை ரசமும் கொடுப்பார்கள். மனத்தாங்கல் உள்ளவர்கள் முதலில் போய்ச் சமாதானமாகிவிட்டுத்தான் பந்திக்கு வர வேண்டும் என்று குருவானவர் ஒவ்வொரு முறையும் சொல்வார். டீச்சர் போவார். 'நான் எல்லாத்தையும் கர்த்தர்கிட்ட ஒப்புக்கொடுத்துட்டேன்' என்பது அவர் நிலை. தங்கச்சி போக மாட்டாள். குருவானவர் வீட்டுக்கே போய்ப் பேசிப் பார்த்தார். "செய்யாத தப்புக்கு நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன் ஐயா. மனசுல கசப்பு இல்லன்னு பொய் சொல்லிட்டும் வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அவளும் நானும் ஒரே பெஞ்சு. சுவர்ப் பக்கம் நான், நடைபாதைப் பக்கம் அவள். எல்லோரும் எழுந்து போகும்போது அவள் முழங்காலை ஒதுக்கி, "போங்க யக்கா" என்று எனக்கு வழிவிடுவாள். நான் அவளைத் தாண்டிப் போய்க் கையேந்தி வாங்கித் தின்றுவிட்டு, மறுபடியும் அவளைத் தாண்டி வந்து உட்காருவேன். மாதாமாதம் இது நடந்தது.

சும்மா இருந்தேன் என்று சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேன். பாடகர் குழுவுக்கு அங்கி தைத்துக் கொடுத்தேன். பெண்கள் சங்கத்துக்குச் செயலாளர் ஆனேன். எதைச் செய்ய வேண்டுமோ அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தேன். செய்யச் செய்ய என் பெயர் ஏறிக்கொண்டே போயிற்று, உடம்புதான் அசந்து போயிற்று. இதற்கிடையில் என் மகளுக்குப் பெங்களூரில் கல்யாணமும் முடிந்துவிட்டது. எதற்காகப் பொறாமைப்பட்டேனோ அது தீர்ந்துபோயிற்று, செய்தது மட்டும் கிடந்தது.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில், அவரவர் அனுபவத்தை எழுந்து சொல்லும் சாட்சிக் கூட்டம் ஒன்றில், இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று எழுந்து நின்றேன். "நான் ஒரு குடும்பத்தக் கெடுத்த பாவி. என் நாக்கால ஒரு பிள்ளையோட வாழ்க்கையக் கெடுத்தவ" என்றேன். அடுத்த வாக்கியத்தில் பெயரைச் சொல்ல வேண்டும். அதற்குள் நாலா பக்கமும் 'ஆமென்' என்றார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குருவானவரின் மனைவி எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டு, "எவ்ளவு தாழ்மை பாத்தியளா, இவங்களே இப்பிடிச் சொன்னா நாம எல்லாம் எம்மாத்திரம்" என்றார். பாட்டு எடுத்துவிட்டார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். உள்ளதைச் சொல்கிறேன், அப்பாடா என்றுதான் இருந்தது. தப்பித்தோம் என்கிற ஆறுதலும் பாராட்டும் ஒரே சமயத்தில் கிடைத்தது.

ஈஸ்டர் கழிந்த வாரத்தில் தங்கச்சி ஒரு பை நிறையத் துணியோடு வந்தாள். அவள் மகளுக்குக் கல்யாணம் கூடியிருந்தது. மகளுடைய ஜாக்கெட்டுகளுக்கு அளவு சொல்லிவிட்டு, தன்னுடைய பழைய ஜாக்கெட் ஒன்றைப் பிடிக்கக் கொடுத்தாள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு இஞ்ச் உள்ளே வாங்க வேண்டியிருந்தது. அவ்வளவு மெலிந்திருந்தாள்.

போகிற நேரத்தில், "யக்கா, ஒரு ஒதவி. சங்கிலி ஜெபத்துல ஒரு குறிப்பு வைப்பியளா? எங்க அக்கா என் மக கல்யாணத்துக்கு வரணும். பெரியம்ம இல்லாம எப்பிடிக்கா கல்யாணம் பண்ண? நீங்க ஜெபிச்சாக் கேக்கும்" என்றாள்.

"ஜெபிக்கேன்" என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து அப்படித்தான் வருகிறது, யார் எதைக் கேட்டாலும். அவள் போன பிறகு மிஷினில் உட்கார்ந்தேன், ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கண்தான் சரியில்லை என்று முதலில் நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம், டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம் பார்த்து அவர் வீட்டுக்குப் போனேன். நாற்காலியில் உட்கார வைத்து டீ கொடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னேன்.

"டீச்சர், அன்னைக்குச் சுரண்டைக்குச் சொன்னது ஒங்க தங்கச்சி இல்ல. நாந்தான்."

டீச்சர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அவ அனுப்புனாளாக்கா?"

"யாரும் அனுப்பல."

"கல்யாணம் வருதுல்லா. அதான் பழியத் தூக்கி ஒங்க தலையில வச்சிட்டா. நீங்களும் சமாதானம் ஆனாச் சரின்னு ஏத்துக்கிட்டு வந்துட்டிய. ஒங்க மனசு யாருக்கு வரும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாலு வருஷம் சுமந்த ஒரு உண்மையை எப்படியோ இழுத்துக்கொண்டு வந்து இறக்கினால், அதையும் என் புண்ணியக் கணக்கிலேயே சேர்க்கிறாரே இந்த அம்மா என்று. ஆனால் இப்படி ஒரு பெயரை உண்டாக்கி வைத்ததும் நான்தானே. அவரைக் கோபித்து என்ன செய்ய.

"டீச்சர், ஒங்க மக கல்யாண ஜாக்கெட்டுக்குக் கொக்கிய முன்னால வைக்கச் சொன்னா. ஏன்னு கேட்டேன். வலிப்பு வந்தா சீக்கிரம் கழட்டணும்னு சொன்னா. நீங்க திட்டுவியன்னு ஒங்ககிட்ட மறச்சிட்டா. அத நான் சங்கிலி ஜெபத்துல சுரண்டைக்காரிட்ட சொன்னேன்."

அவர் முகம் மாறியது. டம்ளரைக் கீழே வைத்தார். "ஜெபத்துக்குன்னுதான சொன்னிய. அது அங்க போய்ச் சேரும்னு நீங்க என்னத்தக் கண்டிய" என்றார்.

எனக்காக அவரே ஒரு கதவைத் திறந்து பிடித்தார். அதன் வழியாக நான் தலைநிமிர்ந்து வெளியே போயிருக்கலாம். 'ஆமா டீச்சர், தெரியாமச் சொல்லிட்டேன்' என்று சொன்னால் முடிந்தது. அழுதிருப்போம், ஜெபம் பண்ணியிருப்போம். அந்த வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"இல்ல டீச்சர், ஜெபத்துக்குச் சொல்லல. அன்னைக்குக் காலைலதான் என் மகள வேண்டாம்னு சொன்னாங்க. ஞாயித்துக்கெழம ஒங்க மகளுக்கு மூணாவது ஓலை வாசிப்பாங்க, அத நான் என் மகள பக்கத்துல வச்சிக்கிட்டுக் கேக்கணும். என்னால முடியாதுன்னு இருந்துச்சு. நின்னு போகட்டும்னுதான் சொன்னேன். அவகிட்டச் சொன்னா மாப்பிள்ள வீட்டுக்குப் போகும்னு தெரிஞ்சுதான் சொன்னேன்."

இதை நான் கடவுளிடம்கூட இந்த வார்த்தைகளில் சொன்னதில்லை. அவரிடமும் 'என் நாவின் குற்றம்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டீச்சர் அடிப்பார், கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஏதாவது செய்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் எழுந்து, செருப்பை மாட்டி, "எந்திரிங்க" என்றார். தங்கச்சி வீடு இரண்டு தெரு தள்ளி. அவர் முன்னால் விறுவிறு என்று நடக்க, நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

கல்யாணத்துக்காக வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். கட்டில், பீரோ எல்லாம் வாசலில் கிடந்தன. நாலு வருஷம் கழித்து அக்கா வாசலில் நிற்பதைப் பார்த்ததும், பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த தங்கச்சி அப்படியே நின்றுவிட்டாள். சந்தோஷம்தான் முதலில் வந்தது. அந்த முகத்தை நான் பார்த்தேன்.

"அங்கன சொன்னத இங்கனயும் சொல்லுங்க" என்றார் டீச்சர்.

சொன்னேன். கொக்கி, போன், என் மகள், மூன்றாவது ஓலை, எல்லாவற்றையும். பெஞ்சில் அவளைத் தாண்டித் தாண்டிப் பந்திக்குப் போனதையும் சொன்னேன். முடித்த பிறகு என்னைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்தாள்.

"இவங்க வந்து சொன்னதும் எந்திரிச்சு வந்துட்ட."

"தப்புதாம்ட்டி. எனக்கு அப்பம் புத்தி மங்கிப் போச்சு."

"ஒரு சாயந்தரம் சொன்னாவ, நம்பிட்ட. நான் நாலு வருசமாச் சொன்னேன். கூடப் பொறந்தவ சொன்னேன்."

நான் இடையில் புகுந்து, என்னை மன்னிக்க வேண்டும், இவரைக் குற்றம் சொல்ல வேண்டாம், எல்லாம் என்னால் வந்தது என்று ஏதேதோ சொன்னேன்.

"நீங்க செஞ்சது பொறாம" என்றாள் தங்கச்சி. "அது எனக்குப் புரியுது. எனக்கும் வரும். இவ செஞ்சதுதான் எனக்குப் புரியல."

டீச்சர் வாசலில் கிடந்த கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார், சுண்ணாம்பு சேலையில் ஒட்டுவதைக்கூடக் கவனிக்கவில்லை. தங்கச்சி அவரை உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கையில் இருந்த பாத்திரத்தை மறுபடி துடைக்க ஆரம்பித்தாள். நான் அங்கே நிற்க ஒரு காரணமும் இல்லை, ஆனாலும் நின்றுகொண்டிருந்தேன்.

"நீங்க போங்க யக்கா" என்றாள் தலை நிமிராமல். "கல்யாண ஜாக்கெட்ட எல்லாம் சொன்ன தேதிக்குக் குடுத்துருங்க. எங்களுக்காக ஜெபம் மட்டும் பண்ணிராதிய."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். ஜாக்கெட்டுகளைச் சொன்ன தேதிக்குக் கொடுத்துவிட்டேன். ஜெபம் இதுவரை பண்ணவில்லை.